கந்தையைத் தைத்தவருக்குப் பெயருண்டு

‘காந்தா. வங்காளம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பருத்தித் துணி, பருத்தி நூல். செய்தவர்: தெரியவில்லை.’

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளின் கீழே இவ்வகை அட்டைகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். படித்துவிட்டு நிமிர்ந்து, நடுவிலுள்ள தாமரையையும் நான்கு மூலைகளிலிருந்து அதை நோக்கிச் சாயும் மரங்களையும் வியந்துவிட்டு, அடுத்த பேழைக்கு நகர்ந்திருக்கிறோம். அட்டையின் கடைசிச் சொல் நம்மை உறுத்தியதில்லை. நாட்டார் கலை என்றாலே ஆக்கியவரின் பெயர் இராது என்பதை இயற்கை விதிபோல ஏற்றுப் பழகிவிட்டோம்.

இக்கட்டுரை அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது. ‘தெரியவில்லை’ என்று எழுதும் கை, ‘யாரும் கேட்கவில்லை’ என்று எழுத வேண்டியதைத் தவிர்த்துக்கொள்கிறது என்பது நம் குற்றச்சாட்டு.

முதலில் காந்தா எது என்று சொல்லிவிடுவோம். உடுத்து நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் வங்காள வீடுகளில் எறிவதில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்து மென்மையேறிய அத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருக்கமின்றித் தரையில் விரித்து, விளிம்புகளை முதலில் தைத்து நிறுத்துவர். பிறகு உள்ளே தைக்கத் தொடங்குவர். நூலும் பெரும்பாலும் பழையதுதான். புடவைக் கரைகளிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமாக இழைகளை உருவி ஊசியில் கோத்தார்கள். தையலோ எல்லாத் தையல்களிலும் எளியது. ஊசி மேலேறிக் கீழிறங்கிச் செல்லும் வெறும் ஓட்டுத்தையல். உருவங்களுக்கிடையே எஞ்சும் வெண்பரப்பையும் விட்டுவைக்காமல், வெள்ளை நூலால் உருவங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டும்போது அடுக்குகள் இறுகி, துணியெங்கும் நீரலைபோல மெல்லிய நெளிவு எழும். ஓவியத்தில் இல்லாத அழகு அந்த நெளிவு. பிரிந்து நிற்கும் நைந்த அடுக்குகளைப் பிணைத்தே ஆகவேண்டும் என்ற தேவையில் பிறந்தது.

பயனுக்கேற்ப வகைகளும் பெயர்களும் உண்டு. குளிர்காலத்துக்குத் தடித்த ‘லேப்’, விருந்தினர் அமரவும் படுக்கவும் விரிக்கும் ‘சுஜனி’, நூல்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் பொதிந்துவைக்கும் ‘பைதன்’, முகம் பார்க்கும் கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டிவைக்கும் ‘ஆர்ஷிலதா’, தலையணைக்கு ‘ஓர்’. பிறந்த குழந்தையைப் பொதிந்ததும் பழந்துணியாலான காந்தாவே. வடமொழிக் ‘கந்தா’தான் வங்காளத்தில் காந்தாவாயிற்று. நம்முடைய ‘கந்தை’யும் அதன் உறவுச் சொல்லே. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மொழிக்காரர்களாகிய நமக்கு இந்தக் கலை அத்தனை தொலைவில் இல்லை.

இப்போது அட்டைக்குத் திரும்புவோம். பெயரின்மைக்கு ஒரு தத்துவம் ஆயத்தமாக இருக்கிறது. கீழை நாட்டுக் கலைஞன் தன்னை முன்னிறுத்துவதில்லை, மரபு அவன் வழியே பேசுகிறது, கையொப்பமிடுவது மறுமலர்ச்சிக்குப் பிந்திய ஐரோப்பியனின் அகந்தை என்னும் தத்துவம் அது. இதை மிகுந்த புலமையோடு முன்வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். 1917 முதல் 1947இல் மறையும்வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாக்கி அவர் ஒரு நூல் எழுதினார். பேழைக்குள் இருப்பவை பேழைக்காகச் செய்யப்பட்டவையல்ல, அவை யாரோ பயன்படுத்தச் செய்யப்பட்டவை, அந்தப் பயனை விளக்காத காட்சி வெறும் கண்விருந்து என்ற அவருடைய வாதம் இன்றும் பொன்னானது. காந்தாவை ஓவியம்போல் சுவரில் அறைந்து மாட்டும் ஒவ்வொரு காப்பாட்சியரும் அந்நூலை மீண்டும் படிக்கவேண்டும்.

ஆனால் மரபுக் கலையின் பெயரின்மையை அவர் ஓர் ஆன்மிக நிறைவாகக் கண்ட இடத்தில் நாம் அவரோடு பிணங்குகிறோம். கோயிற்சிற்பிக்கு அது பொருந்துமா என்பது தனி விவாதம். காந்தா தைத்த பெண்ணுக்கு அது பொருந்தாது. இதற்குச் சான்று காந்தாவிலேயே இருக்கிறது.

கொல்கத்தாவுக்குத் தெற்கே ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தைத்த காந்தா ஒன்று உள்ளது. அந்தப் பெயரை எந்த ஆய்வாளரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்தது என்று அவரே எழுத்துகளைத் தையலாக்கிப் பதித்துவைத்திருக்கிறார். இவர் ஒருவர் மட்டுமல்லர். பெயரோ வாழ்த்தோ உருவங்களுக்கான விளக்கமோ தைக்கப்பட்ட காந்தாக்கள் பல கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் எழுத்துப்பிழைகளும் உண்டு.

அந்தப் பிழைகளின் முன் நாம் சற்று நிற்கவேண்டும். பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று நம்பிய காலம் அது. ராசசுந்தரி தேவி அடுக்களையில் ஒளித்துவைத்த ஏட்டுப் பக்கத்தைப் பார்த்துத் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்று, பின்னாளில் வங்காளியில் தன்வரலாறு எழுதியதும் அந்த நூற்றாண்டில்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் தன் பெயரின் எழுத்துகளை எங்கிருந்தோ கற்று, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாக ஓட்டி, துவைத்தாலும் போகாதபடி பதிக்கிறார் என்றால் அவர் பெயரைத் துறந்தவரா? மையும் தாளும் மறுக்கப்பட்ட இடத்தில் துணியைத் தாளாக்கிக்கொண்டவர் அவர். எழுதத் தெரியாதவருக்கு அந்த வழியும் இல்லை. தைக்காத பெயர்களெல்லாம் துறந்த பெயர்கள் என்று அவர் சார்பில் தீர்ப்பெழுத நமக்கு என்ன உரிமை?

பெயர்கள் எங்கே தொலைந்தன? காந்தா வீட்டில் இருந்தவரை அதைத் தைத்தவர் யார் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். பாட்டி தைத்தது, அத்தை தைத்தது, மணமாகிப் போகுமுன் அக்கா தைத்தது. தாய் தொடங்கி மகள் முடித்தது என்றால் இரண்டு பெயர்களும் தெரியும். விற்றவரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து சேகரிப்பாளருக்கும், சேகரிப்பாளரிடமிருந்து அருங்காட்சியகத்துக்கும் பொருள் கைமாறியபோது பெயர் மட்டும் கைமாறவில்லை. ஒவ்வொரு கையிலும் ‘யார் தைத்தது?’ என்ற மூன்றாவது கேள்விக்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது. முதல் இரண்டு கேள்விகள் எந்த ஊர், என்ன விலை. 1947இல் எல்லைக்கோடு விழுந்து ஜெசோரும் குல்னாவும் ஃபரித்பூரும் அந்தப் பக்கம் போன பிறகு, கேட்க நினைத்தவருக்கும் கதவு அடைபட்டது.

சேகரித்தவர்களை இழிவுபடுத்துவது நம் நோக்கமன்று. ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) மாவட்டம் மாவட்டமாக நாட்டார் கலைகளைத் தேடிச் சேர்த்திராவிட்டால் ஜோகாவின் காந்தாக்கள் நமக்கில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஸ்டெல்லா க்ராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி எழுதிய கட்டுரை, கந்தல்களை இணைத்து முழுமையாக்கும் செயலுக்குள்ளிருக்கும் சடங்குப் பொருளை முதன்முதலாக ஆழ்ந்து நோக்கியவற்றுள் ஒன்று. 1950இல் இந்தியாவை விட்டுச் சென்ற அவரது தொகுப்பு ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது; 2009இல் அங்கே பெரிய காந்தாக் கண்காட்சியும் நடந்தது. இவர்கள் காப்பாற்றியிராவிட்டால் பூச்சியும் ஈரமும் தின்று முடித்திருக்கும். இதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். துணி காப்பாற்றப்பட்டது என்பதற்காகப் பெயர் காப்பாற்றப்படாததைப் பேசக்கூடாது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

அந்தக் காலத்தில் யார் கேட்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். கேட்டவர் இருந்தார். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், உலகின் மறுகோடியில்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். அமெரிக்கர் குயில்ட் என்றழைக்கும் அடுக்குத்தையல் போர்வையில், விவிலியக் கதைகளைத் துணி வெட்டி ஒட்டித் தைத்து, 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் வறுமை நெருக்க, பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். பிறகும் தன் போர்வையைப் பார்க்க அவர் பலமுறை அந்த வீட்டுக்கு வந்துபோனார் என்பது வரலாறு. இந்த விற்பனையில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆனால் ஸ்மித் ஒன்று செய்தார். பதினொரு கட்டங்களில் ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பவர்ஸையே கேட்டுக் குறித்துவைத்தார்.

அந்தக் குறிப்பு துணியோடு சேர்ந்தே பயணப்பட்டது. பின்னாளில் ஆய்வாளர்கள் மக்கள்தொகைக் கணக்கேடுகளைத் துருவி அவரது வாழ்வை மீட்டெடுத்தனர். இன்று அந்த விவிலியப் போர்வை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அவருடைய இன்னொரு போர்வை, குமாரசுவாமி பணியாற்றிய அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பதினைந்து கட்டங்களில் ஒன்று 1833இல் அமெரிக்க வானத்தில் பொழிந்த விண்கல் மழை. பெயரும் விளக்கமும் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை ‘விண்மீன் வடிவ அலங்காரம்’ என்று அட்டையில் எழுதிவிட்டுப் போயிருப்போம். பெயரோடு பொருளும் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டாம். நம் காந்தாக்களில் ‘யானை’, ‘பல்லக்கு’, ‘குதிரைமேல் வீரன்’ என்று எழுதப்பட்டவற்றுள் எத்தனை, தைத்தவர் கண்ணால் கண்ட ஒரு குறிப்பிட்ட நாளின் யானை, குறிப்பிட்ட ஒருவர் ஏறிப்போன பல்லக்கு?

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் போர்வைகளும் இதையே சொல்கின்றன. அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தைத்த அப்போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. தைத்தவர் பெயர்கள் போர்வைகளோடு இருந்தன. திறனாய்வாளர்கள் அவற்றை மத்தீஸ், பால் க்ளே ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். ஆனால் மிஸ்ஸூரி பெட்வே 1942இல் தைத்த போர்வைக்கு அந்த ஒப்பீடு போதாது. இறந்துபோன கணவரின் உழைப்புடைகளை வெட்டி, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள அவர் தைத்தது அது. முழங்கால் தேய்ந்த இடம், வெளுத்த இடம் எல்லாம் அப்படியே அதில் இருக்கின்றன. மகள் ஆர்லோன்ஸியா சொன்னதால் இது நமக்குத் தெரிகிறது. சொல்லாவிட்டால் அது நீலமும் சாம்பலும் கலந்த ஒரு ‘நவீன அமைப்பு’ மட்டுமே.

பெயர் எழுதிவிட்டால் நீதி முடிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஹாரியட் பவர்ஸின் விவிலியப் போர்வையை நகலெடுத்துச் சீனாவில் தயாரித்து விற்க ஸ்மித்சோனியனே உரிமம் கொடுத்து, 1992இல் போர்வைக் கலைஞர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. அது வட்டாரத்தைக் காக்கும், தைக்கும் தனிப்பெண்ணைப் பெயர்சொல்லிக் காக்காது. இன்று ‘காந்தா ஸ்டிச்’ என்று கடைகளில் தொங்கும் பட்டுப்புடவைகளில் அடுக்கும் இல்லை, பழந்துணியும் இல்லை, தைத்தவர் பெயரும் இல்லை. ஓட்டுத்தையல் மட்டும் அலங்காரமாக எஞ்சியிருக்கிறது. ஆயினும் பெயர் முதற்படி. பெயர் இருக்கும் இடத்தில்தான் கூலி கேட்க ஆளிருக்கும். காந்தாவுக்காக 2023இல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும் 2024இல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உயிரோடிருக்கும் காந்தாக் கலைஞருக்குப் பெயருண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட பின், இறந்தவருக்கு மட்டும் அது வேண்டாம் என்று பேழைகள் சொல்வது விந்தையே.

‘சரி, தொலைந்த பெயரை இனி எங்கே தேடுவது?’ என்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் சொல்லிவரும் செய்திதான். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் கையில் சில பாடல்கள் புலவர் பெயரின்றி வந்து சேர்ந்தன. ‘தெரியவில்லை’ என்று எழுதி அவர்கள் கைகழுவிவிடவில்லை. அந்தப் பாடலின் உயிரான ஒரு தொடரை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். அணிலாடு முன்றிலாரும் மீனெறி தூண்டிலாரும் அப்படியே. நற்றிணையில் ஒரு புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். நைந்துபோன பழங்கயிற்றால் பெயர் பெற்றவர். நைந்த துணியைத் தைத்தவருக்கு இதைவிட நெருங்கிய உறவினர் யார்? எல்லாப் பாடல்களுக்கும் அவர்களால் இதைச் செய்ய முடியவில்லை. பெயரே இல்லாத பாடல்கள் நூற்றுக்கும் மேல் இன்றும் உண்டு. ஆனால் அவற்றைப் பாடியவர்கள் அகந்தையைத் துறந்த ஞானிகள் என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. ஏடு சிதைந்தது, பெயர் போயிற்று என்று வருந்துகிறோம். புலவருக்குக் காட்டும் வருத்தத்தை ஊசிபிடித்தவருக்குக் காட்டாமல், அங்கே மட்டும் தத்துவம் பேசுகிறோம். வேறுபாடு கலையில் இல்லை. ஒருவர் ஏட்டில் எழுதினார், மற்றவர் வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்தார் என்பதில் இருக்கிறது.

ஆகவே அருங்காட்சியகங்களிடம் நாம் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவையல்ல.

ஒன்று, காந்தாவின் முதுகைக் காட்டுங்கள். முடிச்சு எங்கே விழுந்தது, நூல் எங்கே தீர்ந்து வேறு நூல் தொடங்கியது, எந்த இடத்தில் கை மாறியது என்பதெல்லாம் பின்புறத்தில்தான் தெரியும். பெயர் இல்லாத இடத்தில் கையையாவது அடையாளம் காணலாம். ஒரே கை தைத்த இரண்டு காந்தாக்கள் இரண்டு நாடுகளின் பேழைகளில் பிரிந்து கிடக்கவும் கூடும். பழந்துணிக்கு ஐம்பது லக்ஸுக்கு மேல் ஒளி ஆகாது, நெடுநாள் தொங்கவிடவும் ஆகாது என்பது நமக்கும் தெரியும். அசலை அடிக்கடி புரட்டவேண்டாம். பின்புறத்தின் நல்ல நிழற்படம் ஒன்றை அருகில் வைக்க எந்த ஒளியும் தடையில்லை.

இரண்டு, தையலைக் காட்டுங்கள். மூன்று அடுக்குப் பழந்துணியும் கரையிலிருந்து உருவிய இழையும் பாதி தைத்த ஒரு சதுரமும் பேழைக்கு வெளியே, பார்ப்பவர் தொட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும். விரலுக்குத் தெரிந்தால்தான் அது ஓவியமல்ல, போர்வை என்பது புரியும். கறையையும் ஒட்டையும் பழுதுகளின் பட்டியலில் சேர்க்காமல் வரலாற்றின் பட்டியலில் சேருங்கள்.

மூன்று, பெயர் தைக்கப்பட்ட காந்தாக்களில் அந்தப் பெயரை அட்டையின் முதல் வரியில், கொடையாளியின் பெயருக்கு மேலே எழுதுங்கள். கொடுத்தவர் பெயர் தவறாமல் இருக்கும் அட்டையில் தைத்தவர் பெயருக்கு இடமில்லை என்பது வெட்கக்கேடு.

ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்கவிதையில், பிரிந்து போன கணவனை எண்ணிச் சாஜு தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். வெகுகாலம் கழித்துத் திரும்பும் கணவன் அதைப் போர்த்தியபடி அங்கேயே இறந்து கிடக்கிறான். காந்தா யாருக்காகத் தைக்கப்பட்டதோ அவனிடம் போய்ச் சேர்கிறது. இன்று அந்தக் காந்தா ஒரு சேகரிப்பாளரின் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாஜு என்ற பெயர் அந்த வயலிலேயே நின்றுபோயிருக்கும். பேழைக்கு வந்திருப்பது ‘கிழக்கு வங்காளம், உருவ வேலைப்பாடு மிக்கது’ மட்டுமே.

நான்காவதாக, உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். பெயர் கிடைக்கவே கிடைக்காத காந்தாக்களின் அட்டைகளில் ‘தெரியவில்லை’ என்ற சொல்லை அழித்துவிட்டு, ‘தைத்தவர் பெயர் கேட்டுப் பதியப்படவில்லை’ என்று எழுதுங்கள். அதுவே உண்மை. அதைப் படிக்கும் ஒரு மாணவி, தன் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணியைப் பற்றித் தன் பாட்டியிடம் அன்று மாலையே கேட்கக்கூடும். பாட்டி இருக்கும்போதே கேட்பது நல்லது.